பெயரும் அரசும்: எகிப்தில் எழுத்தின் தொடக்கம்

எழுத்தைப் பற்றி எகிப்திய அரசன் ஒருவன் தீர்ப்புச் சொன்னதாக ஒரு கதையை ப்ளேட்டோ தன் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் வைக்கிறார். தெயுத் என்ற தெய்வம் தான் கண்டுபிடித்த கலைகளைத் தாமுஸ் என்ற அரசனிடம் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. கடைசியில் எழுத்து. இது ஞாபகத்துக்கு மருந்து என்று தெய்வம் பெருமைப்படுகிறது. அரசன் ஒப்புக்கொள்வதில்லை. மனிதர்கள் வெளியே கிடக்கும் குறிகளை நம்பி உள்ளே இருக்கும் ஞாபகத்தைக் கைவிடுவார்கள் என்பது அவன் கட்சி.

இக்கதையில் எழுத்து வெளியிலிருந்து வருகிறது. அரசன் அதற்கு முன்பே முழு அரசனாக உட்கார்ந்திருக்கிறான். எழுத்து அவனுக்குத் தேவையில்லை; வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவன் இருக்கிறான். ப்ளேட்டோவிடம் சரித்திரம் கேட்பது நியாயமில்லை. அவர் தத்துவத்துக்காகக் கதை சொன்னவர். ஆனால் கடந்த நூறு வருஷங்களுக்கும் மேலாக எகிப்திய மண்ணிலிருந்து வெளிவந்தவை இந்தச் சித்திரத்தை ஏறக்குறையத் தலைகீழாக்கிவிட்டன. அங்கே எழுத்தும் அரசும் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்ட இரண்டு அந்நியர்கள் அல்ல. ஒரே வயிற்றில் வளர்ந்தவை. இதை ஒப்புக்கொள்வது எழுதுகிறவர்களுக்குச் சௌகரியமான காரியமல்ல. அதனாலேயே பார்க்க வேண்டியிருக்கிறது.

*

தென் எகிப்தில், நைல் நதிக்கு மேற்கே, அபிடாஸ் என்ற பழைய ஊரை ஒட்டிய பாலைநிலத்தில் உம் எல்-காப் என்றொரு இடம் இருக்கிறது. அரபியில் 'பானைகளின் தாய்' என்று அர்த்தம். பிற்கால யாத்ரிகர்கள் கொண்டுவந்து வைத்த படையல் பானைகளின் உடைசல்கள் தரையை மூடிக் கிடப்பதால் வந்த பெயர். இங்கே 1988இல் ஜெர்மானியத் தொல்லியல் கழகத்தின் குந்தர் டிரையர் ஒரு கல்லறையைத் தோண்டினார். ஆய்வாளர்கள் அதை யூ-ஜே என்ற அடையாளக் குறியால் அழைக்கிறார்கள். மண்ணுக்குள் பச்சைச் செங்கல்லால் கட்டிய 12 அறைகள். அறைக்கும் அறைக்கும் இடையே, கதவு இருப்பதாகப் பாவனை செய்யும் குறுகலான பிளவுகள். இறந்தவனுக்கு ஒரு வீடு.

திருடர்கள் பழங்காலத்திலேயே வந்து போயிருந்தார்கள். அப்படியும் நூற்றுக்கணக்கான சாடிகள் எஞ்சியிருந்தன. அவற்றில் பல கானான் பிரதேசத்துப் பாணியைச் சேர்ந்தவை. மேய்ப்பனின் கைத்தடி வடிவில் தந்தத்தாலான ஒரு செங்கோலும் கிடைத்தது. இவற்றோடு எலும்பிலும் தந்தத்திலும் செய்த 150க்கும் மேற்பட்ட சிறு வில்லைகள். ஒவ்வொன்றும் ஒரு தபால் தலை அளவுதான். ஒவ்வொன்றிலும் ஒரு துளை. கயிறு கோத்து ஏதோ சரக்கில் கட்டியிருக்கிறார்கள்; துணிச் சுருள்களாக இருக்கலாம் என்பது டிரையரின் ஊகம். சில வில்லைகளில் எண்ணிக்கையைக் குறிக்கும் கோடுகள். சிலவற்றில் யானை, மலை, நாரை, ஆசனம், பாம்பு. காலம் கி.மு. 3200ஐ ஒட்டியது. எகிப்திய எழுத்துக்கு இன்றுவரை கிடைத்துள்ள மிகப் பழைய சாட்சியங்கள் இவைதாம்.

இவை எழுத்துத்தானா, அடையாளச் சித்திரங்களா என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு. நாரையையும் ஆசனத்தையும் சேர்த்து ஒலிப்புமுறையில் படித்தால் வட எகிப்தில் உள்ள புபாஸ்டிஸ் நகரின் பழைய பெயர் கிடைக்கிறது என்பது டிரையரின் வாசிப்பு. அப்படியானால், எங்கோ ஓர் ஊரிலிருந்து வந்த சரக்கின் மேல் அந்த ஊரின் பெயர். மற்ற குறிகளுக்கு அவர் தந்த வாசிப்புகளில் பலவற்றை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யாரும் மறுக்காத ஒன்று உண்டு. இந்த வில்லைகளில் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. வினைச்சொல் கிடையாது. யாரும் யாரோடும் பேசவில்லை, யாரும் பிரார்த்திக்கவில்லை, யாரும் பாடவில்லை. எவ்வளவு, எங்கிருந்து, யாருடையது. அவ்வளவுதான்.

எழுத்து பேச்சைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்தது என்று நாம் நம்பிப் பழகியிருக்கிறோம். சொன்ன சொல் காற்றில் போய்விடும், அதைப் பிடித்து வைக்க மனிதன் ஏங்கினான், அந்த ஏக்கம் எழுத்தாயிற்று என்று. இது நமக்குப் பிடித்தமான புராணம். கவிகளைக் காரண புருஷர்களாக்குகிற புராணம். உம் எல்-காப்பின் வில்லைகளில் அந்த ஏக்கத்தின் சுவடுகூட இல்லை. ஒரு மூட்டை இன்னொரு மூட்டையோடு குழம்பிவிடக் கூடாது என்ற கவலை மட்டும் இருக்கிறது.

*

இனி அரசன். எகிப்தில் அரசனின் உருவம் எழுத்துக்கு முந்தியது. நகாடாவில் கிடைத்த ஒரு பானையோட்டில், பிற்காலத்தில் கீழ் எகிப்தின் அரசமுடியாக அறியப்பட்ட சிவப்பு முடி புடைப்பாக இருக்கிறது. எழுத்துக்குச் சில நூற்றாண்டுகள் மூத்தது அந்த ஓடு. ஹைராகான்போலிஸில் 19ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் கண்டெடுத்த 100ஆம் எண் கல்லறையின் பூச்சுச் சுவரில் ஒரு பெரிய ஓவியம் இருந்தது. கி.மு. 3500ஐ ஒட்டிய காலம். படகுகள், வேட்டை, சண்டை. ஒரு மூலையில் ஒருவன் கையை ஓங்கி நிற்கிறான். அவன் முன்னால் கட்டுண்ட மூவர்.

இந்த ஓங்கிய கை எகிப்தியக் கலையில் பிறகு இறங்கவே இல்லை. நார்மர், தென், ராம்சேஸ் என்று அரசர்கள் மாறுகிறார்கள். கை அதே கோணத்தில் நிற்கிறது. எஸ்னா கோயிலின் சுவர்களில், கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானியச் சக்கரவர்த்திகள்கூட எகிப்திய அரசனின் உடையில் அதே நிலையில் நின்று எதிரிகளை அடிக்கிறார்கள். 3500 வருஷங்கள். உலகில் வேறு எந்தப் பிரதிமைக்கும் இவ்வளவு நீண்ட ஆயுள் வாய்த்ததா என்று தெரியவில்லை.

ஆனால் இந்தப் பிரதிமைக்கு ஒரு குறை இருந்தது. அது 'ஓர் அரசன்' என்று சொல்லும். 'இந்த அரசன்' என்று சொல்லாது. 100ஆம் எண் கல்லறையில் அடிப்பவன் யார் என்று நமக்குத் தெரியாது. சித்திரத்தால் அதைச் சொல்ல முடியாது. மாட்டை வரையலாம், மாடுகள் எத்தனை என்று கோடு போட்டுக் காட்டலாம். மாட்டுக்குச் சொந்தக்காரனின் பெயரை வரைய முடியாது. பெயர் என்பது ஒலி. அதற்கு ரூபம் இல்லை.

இந்த முட்டுச் சந்தில்தான் சித்திரம் எழுத்தாகத் திரும்புகிறது. நம் பாஷையிலேயே பார்க்கலாம். கண்ணன் என்ற பெயரை எப்படி வரைவது? ஒரு கண்ணை வரைந்து, 'இதைப் பார்க்காதே, இதன் ஒலியைக் கேள்' என்று சொல்ல வேண்டும். பார்ப்பவன் அந்தச் சைகையைப் புரிந்துகொண்டால் கண் அங்கே கண்ணாக இல்லை, ஒலியாகிவிட்டது. எகிப்தியர்கள் செய்தது இதுதான். உயிரொலிகளை விட்டுவிட்டு மெய்யொலிகளை மட்டும் இப்படிப் பிடித்தார்கள். பொருளையும் எண்ணையும் குறிக்க ஒலி அவசியமில்லை. ஊர்ப் பெயருக்கும் ஆள் பெயருக்கும் அவசியம். ஆள் என்று இங்கே சொல்வது முதன்மையாக ஒரே ஆளை.

*

1897-98 பருவத்தில் ஹைராகான்போலிஸ் கோயில் மண்ணிலிருந்து குவிபெல்லும் க்ரீனும் எடுத்த நார்மர் பலகை இன்று கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 64 சென்டிமீட்டர் உயரம். கண்ணுக்கு மை அரைக்கும் கல்லின் வடிவம்; ஆனால் மை அரைக்கச் செய்ததல்ல, கோயிலுக்கென்று செய்தது. கி.மு. 3100 அளவு. ஒரு பக்கம் வெள்ளை முடி அணிந்த அரசன், ஓங்கிய கதாயுதம், காலடியில் ஒருவன். மறுபக்கம் சிவப்பு முடி அணிந்த அதே அரசன் ஊர்வலமாக நடக்கிறான். எதிரே பத்து உடல்கள் இரண்டு வரிசைகளாகக் கிடக்கின்றன, வெட்டிய தலைகள் கால்களுக்கு இடையில்.

பலகையின் உச்சியில், இரண்டு பக்கமும், மாட்டுமுகங்களுக்கு நடுவே ஒரு சதுரம். அரண்மனை முகப்பின் வரைபடம் அது. 'சேரெக்' என்பார்கள். அதற்குள் ஒரு கெளுத்தி மீனும் ஓர் உளியும். மீன் 'நார்', உளி 'மெர்'. அரசனின் பெயர். வேறு விதமாகப் படிப்பவர்களும் உண்டு என்றாலும் இது அரசனின் பெயர் என்பதில் தகராறு இல்லை. பெயர் அரண்மனைக்குள் இருக்கிறது. பெயர்தான் அரண்மனையில் வசிக்கிறது. 'பெர்-ஆ', பெரிய வீடு, என்ற சொல் ஆயிரத்தைந்நூறு வருஷங்களுக்கு மேல் கழிந்தபின் அரசனையே குறிக்கத் தொடங்கி நம்மிடம் ஃபாரோ என்று வந்து சேர்ந்தது. அந்த யோசனையின் விதை இந்தச் சதுரத்தில் இருக்கிறது.

பலகையில் யாருக்கெல்லாம் பெயர்க்குறி இருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. அரசனுக்கு இருக்கிறது. அவன் செருப்பைச் சுமந்து பின்னால் வருபவனுக்கும் முன்னால் நடக்கும் அதிகாரிக்கும் அருகில் குறிகள் இருக்கின்றன. அடிபடுபவனுக்குப் பக்கத்திலும் குறி உண்டு. அது அவன் பெயரோ, பிடிபட்ட பிரதேசத்தின் பெயரோ. தலை போன பத்துப் பேருக்குத் தனித்தனிப் பெயர் இல்லை. அவர்கள் எண்ணிக்கை.

இதே காலத்துத் தந்த உருளை ஒன்றில் இன்னும் விசித்திரமான காட்சி. வரிசை வரிசையாகச் சிறைப்பட்டவர்கள். அவர்களை அடிப்பது அரசனின் உருவம் அல்ல. கெளுத்தி மீன். மீனுக்குக் கை முளைத்து, கையில் தடி முளைத்து, அடிக்கிறது. 1998இல் அபிடாஸில் கிடைத்த வில்லை ஒன்றிலும் மீனேதான் எதிரியை அடிக்கிறது. ஆளின் இடத்தில் பெயர் வந்து நிற்கிறது. ஆள் செய்ய வேண்டியதைப் பெயர் செய்கிறது.

இது கற்பனை விளையாட்டு அல்ல, ஆட்சிமுறை. அஸ்வானிலிருந்து கடல்வரை எகிப்து சுமார் 1000 கிலோமீட்டர் நீளமான ஒரு நாடா. அரசன் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். ஊர்த் தலைவனுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்திருப்பார்கள். முகம் எட்டாத தூரத்துக்கு அதிகாரம் நீளும்போதுதான் பெயர் தேவையாகிறது. நார்மரின் சேரெக் கீறிய சாடியோடுகள் டெல்டாவில் கிடைக்கின்றன. எகிப்துக்கு வெளியே, தென் கானானில் ஆராத், தெல் எரானி ஆகிய இடங்களிலும் கிடைத்திருக்கின்றன. நார்மர் அங்கெல்லாம் போனாரோ இல்லையோ, பெயர் போயிருக்கிறது.

*

எகிப்திய அரசின் தோற்றத்துக்கு நீர்ப்பாசனத்தைக் காரணம் காட்டுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 1957இல் விட்ஃபோகல் இதைப் பெரிய கோட்பாடாகவே கட்டினார். வாய்க்கால்களுக்கு நிர்வாகம் வேண்டும், நிர்வாகத்துக்கு எதேச்சாதிகாரம் வேண்டும் என்று. 1976இல் கார்ல் பட்சர் எகிப்தின் பழைய பாசனத்தை ஆராய்ந்து வேறு முடிவுக்கு வந்தார். வெள்ளம் தானே வந்து இயற்கையான பள்ளங்களில் தேங்கி வடிந்தது. அதை ஒழுங்குபடுத்தும் வேலையை ஊரார் ஊரளவிலேயே செய்துகொண்டார்கள். மத்திய அரசு அதற்குத் தேவைப்படவில்லை. அரசன் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அவன் பிடித்தது விளைச்சல் போகும் வழியை: சாடிகள், மூட்டைகள், அவற்றின் மேல் கட்டும் வில்லைகள், மூடிகளின் களிமண்ணில் அழுத்தும் முத்திரைகள். வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்பதையும் அவன் ஆட்கள் குறித்து வைத்தார்கள். ஐந்தாம் வம்சக் காலத்தில் தொகுத்த அரச வருஷப் பட்டியலின் துண்டு ஒன்று பலெர்மோ நகரில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வருஷக் கட்டத்துக்குக் கீழேயும் நைலின் உயரம் முழக்கணக்கில் இருக்கிறது. உயரம் தெரிந்தால் விளைச்சல் தெரியும். விளைச்சல் தெரிந்தால் எவ்வளவு கேட்கலாம் என்பது தெரியும்.

எண்கள் ஏற்கனவே தயாராக இருந்தன. நார்மரின் கதாயுதத் தலையில் 4,00,000 மாடுகள், 14,22,000 ஆடுகள், 1,20,000 கைதிகள் என்று பொறித்திருக்கிறது. பத்தாயிரத்துக்கு ஒரு விரல், லட்சத்துக்கு ஒரு தலைப்பிரட்டை. இந்த எண்ணிக்கையை அப்படியே நம்புவதற்கில்லை. ஆனால் ஆடுமாடுகளையும் மனிதர்களையும் ஒரே வரிசையில், ஒரே குறிகளால் கூட்டிப் போட முடிகிறது என்பதுதான் இங்கே நிகழ்ந்திருக்கும் புதுமை.

காலத்துக்கும் பெயர் கட்டினார்கள். முதல் வம்சத்து வில்லைகளில் வருஷம் எண்ணால் குறிக்கப்படுவதில்லை. அந்த வருஷம் அரசன் செய்த காரியத்தால் குறிக்கப்படுகிறது. தென் என்ற அரசனின் வில்லை ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அரசன் ஒருவனைத் தலைமயிரைப் பிடித்து அடிக்கிறான். கிழக்கு முதல் தடவையாக அடிக்கப்பட்டது என்று பக்கத்தில் குறிகள். வில்லையைத் திருப்பினால் ஒரு ஜோடி செருப்பு. அரசனின் செருப்புகளில் கட்டியிருந்த வில்லை அது. ஒரு யுத்தத்தின் ஞாபகம் ஒரு ஜோடி செருப்புக்குத் தேதியாகப் பயன்பட்டிருக்கிறது. எது சரித்திரம், எது சரக்குப் பட்டியல் என்று அந்தத் தந்தத் துண்டில் பிரிக்க முடியாது. பிரிவு பிறகு வந்தது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கல்லறைப் பொருள்கள். கல்லறைகள் பாலைமணலில் பிழைத்தன. ஊர்கள் நைலின் வண்டலுக்குள் புதைந்தன. எஞ்சியதை வைத்து முழுமையைத் தீர்மானிக்கலாமா? 2017இல் எல்-காவியில் பாறை ஒன்றில் பெரிய அளவில் கீறிய குறிகளை ஜான் டார்னெல் குழு அறிவித்தது. காளைத் தலை, நாரைகள், யூ-ஜே கல்லறையின் காலத்தை ஒட்டியவை. வழியில் போகிறவர்கள் பார்ப்பதற்காக வெட்டவெளியில் வைத்த குறிகள் அவை, கிடங்குக் கணக்கல்ல. ஆகவே தொடக்கத்திலிருந்தே எழுத்துக்கு இரண்டு முகங்கள்: கணக்கு ஒன்று, காட்சி மற்றொன்று. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் டார்னெலின் வாசிப்பிலும் அந்தக் காட்சி பேசுவது அரசதிகாரத்தைப் பற்றித்தான்.

ஏறக்குறைய இதே காலத்தில் மெசபடேமியாவின் ஊருக் நகரில் களிமண் பலகைகளில் எழுத்து தோன்றியது. அங்கே தானியம், பீர், ஆடு, வேலையாட்கள் என்று கணக்குகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அரசன் தன் பெயரைச் சொல்லிப் பொறிக்கும் சாசனங்கள் பல நூற்றாண்டுகள் கழித்தே வருகின்றன. எகிப்தில் அரசனின் பெயர் முதல் காட்சியிலேயே மேடையில் இருக்கிறது. இந்த வித்தியாசம் முக்கியமானது.

*

முதல் வம்சத்து அரசர்களும் உம் எல்-காப்பில்தான் புதைக்கப்பட்டார்கள். ஜெர் என்ற அரசனின் கல்லறையைச் சுற்றி 300க்கும் மேற்பட்ட சிறு குழிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவனுடைய பணியாட்கள், அரண்மனைப் பெண்கள், கைவினைஞர்கள். எல்லோரும் கொல்லப்பட்டவர்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பின்னால் வந்த செமெர்கெத்தின் கல்லறையில் அரசனின் குழியும் துணைக்குழிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கூரையை ஒருமுறைதான் போட முடியும். அவர்கள் அரசனோடு ஒரே நாளில் உள்ளே போயிருக்க வேண்டும். முதல் வம்சத்துக்குப் பிறகு இந்த வழக்கம் நின்றுவிட்டது.

இந்தக் குழிகளில் சிலவற்றுக்கு நடுகல் உண்டு. 1900ஐ ஒட்டிய வருஷங்களில் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி அவற்றைச் சேகரித்தார். ஒழுங்காகச் செதுக்காத சுண்ணாம்புக் கற்கள். இரண்டொரு குறிகள், உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு உருவம். பெண்களின் பெயர்கள், குள்ளர்களின் பெயர்கள். அரசனின் நாய்களுக்கும் கல் இருக்கிறது, பெயரோடு.

நான் இந்தக் கற்களைப் புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறேன். அவசரமாக வெட்டிய அந்தக் குறிகளைப் பார்க்கும்போது ஒன்று புரிகிறது. எகிப்தில் அரசனோ அதிகாரியோ அல்லாத மனிதர்கள் எழுத்துக்குள் வந்த முதல் வாசல்களில் இது ஒன்று. ஒரு பெண்ணின் பெயர் 5000 வருஷங்கள் கடந்து நம்மிடம் வருகிறது. வருவதற்கு அவள் அரசனின் உடைமையாக இருக்க வேண்டியிருந்தது, அவன் சாவோடு சேர்ந்து போக வேண்டியிருந்தது. சாடியில் கட்டிய வில்லைக்கும் அவள் தலைமாட்டில் நட்ட கல்லுக்கும் இலக்கணத்தில் வித்தியாசம் இல்லை. இன்னாருடையது.

ஆனால் அந்தக் கல் இன்னொன்றையும் செய்துவிட்டது. எகிப்தியர்களுக்குப் பெயர் என்பது ஆளின் ஓர் அங்கம். பெயர் இருக்கும்வரை ஆள் முழுவதுமாக அழிவதில்லை. உடைமைச் சீட்டாக எழுதியது உயிர்ச் சீட்டாகவும் ஆகிவிட்டது. எழுதச் சொன்னவனின் நோக்கத்தை மீறி எழுத்து செய்த முதல் காரியம் இதுவாக இருக்கலாம்.

*

வில்லைகளிலிருந்து வாக்கியத்துக்கு வர எகிப்துக்கு 500 வருஷங்கள் பிடித்தன. சக்காராவில் ஹெமகா என்ற அதிகாரியின் கல்லறையை 1930களில் வால்ட்டர் எமெரி ஆராய்ந்தபோது பாப்பிரஸ் கிடைத்தது. தென் அரசனின் காலம். உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய பாப்பிரஸ். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. காகிதம் தயார்; சொல்வதற்கு வாக்கியம் இன்னும் தயாராகவில்லை என்று எண்ணத் தோன்றுகிறது. கணக்குகள் எழுதிய சுருள்கள் இருந்து அழிந்திருக்கலாம் என்பது வேறு விஷயம்.

கிடைத்தவற்றுள் முதல் முழு வாக்கியம் இரண்டாம் வம்சத்துப் பெரிப்சென் அரசனின் முத்திரைப் பதிவில் வருகிறது. கி.மு. 2700 அளவு. ஒரு தெய்வம் இரண்டு நாடுகளையும் தன் மகனான பெரிப்சென்னுக்குக் கொடுத்தது என்பது அதன் சாரம். எழுவாய் தெய்வம், செயப்படுபொருள் நாடு, பெறுபவன் அரசன். எகிப்திய எழுத்து தன் முதல் வினைச்சொல்லுக்குக் கொடுத்த வேலை ஒரு சொத்துப் பரிமாற்றத்தைப் பதிவு செய்வது.

எழுதிய பாப்பிரஸ்களில் மிகப் பழையவை செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃபில் 2013இல் பியர் தல்லே குழுவுக்குக் கிடைத்தன. கூஃபு அரசனின் காலம், கி.மு. 26ஆம் நூற்றாண்டு. மெரெர் என்ற மேற்பார்வையாளரின் வேலைக் குறிப்புகள். தூராவின் சுண்ணாம்புக் கற்களைப் படகில் ஏற்றி கீஸாவுக்குக் கொண்டுபோனது, எங்கே இரவு தங்கினார்கள், யார் மேற்பார்த்தார்கள் என்று நாள்வாரியாக. மகா பிரமிடுக்குப் போன கற்கள். இழுத்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அதில் இல்லை. எதிர்பார்க்கவும் முடியாது.

லெவி-ஸ்ட்ராஸ் 1955இல் வெளிவந்த தன் பயண நூலில் எழுத்தைப் பற்றி ஒரு கசப்பான முடிவுக்கு வந்தார். நம்பிக்வாரா இனத்தின் தலைவன் ஒருவன், எழுதத் தெரியாமலே, காகிதத்தில் கோடுகள் கிறுக்கி அதைப் படிப்பதுபோல் பாவனை செய்து தன் மக்களிடம் மதிப்புத் தேடிக்கொண்டதை அவர் பார்த்திருந்தார். எழுத்தின் ஆதி உபயோகம் மனிதனை மனிதன் அடிமைப்படுத்துவதற்கு வசதி செய்தது; அறிவும் அழகும் பிறகு ஒட்டிக்கொண்டவை என்றார். எகிப்தைப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி நிரூபணமாகிறது. மற்றப் பாதிக்கு இன்னும் பல நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டும்.

கி.மு. 19ஆம் நூற்றாண்டை ஒட்டிய மத்திய அரசுக் காலத்தில், பெயர் தெரியாத ஒருவன் ஒரு கதை எழுதினான். நாவன்மை கொண்ட குடியானவனின் கதை என்று அறியப்படுகிறது. குன்-அனுப் என்ற ஏழை கழுதைகளில் சரக்கேற்றிக்கொண்டு போகிறான். வழியில் நெம்திநக்த் என்பவன் பாதையை மறித்துத் துணியை விரித்துவைத்து, விலகி நடந்த கழுதை ஒரு வாய் பார்லியைத் தின்றதைச் சாக்காக்கி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறான். குடியானவன் ரென்ஸி என்ற உயர் அதிகாரியிடம் முறையிடுகிறான். அவன் பேச்சின் அழகு ரென்ஸியைத் திகைக்க வைக்கிறது. அரசனிடம் போய்ச் சொல்கிறான். அரசனின் உத்தரவு விசித்திரமானது: பதில் சொல்லாதே. அவன் பேசிக்கொண்டே இருக்கட்டும். பேசுவதை எழுதிக் கொண்டுவா. அவன் குடும்பத்துக்கும் அவனுக்கும் சாப்பாடு போய்ச் சேர ஏற்பாடு செய். யார் கொடுப்பது என்று அவனுக்குத் தெரிய வேண்டாம்.

ஒன்பது முறை குடியானவன் பேசுகிறான். இடையில் அடிபடுகிறான். தன் சொல் எங்கும் போய்ச் சேரவில்லை என்று நம்பி, ஒவ்வொரு முறையும் நீதியைப் பற்றி இன்னும் கூர்மையாகப் பேசுகிறான். சுவருக்கு அப்பால் ஒருவன் அதை எழுதிக்கொண்டிருக்கிறான். கடைசியில் சுருள் அரசனிடம் போகிறது. அரசன் மிகவும் ரசிக்கிறான். குடியானவனுக்கு நியாயமும் கிடைக்கிறது. பிடுங்கியவனின் சொத்து அவனுக்கு வருகிறது.

ப்ளேட்டோவின் கதையைவிட இதை எழுதிய எகிப்தியனுக்குத் தன் தொழிலின் பூர்வோத்தரம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. தாமுஸ் எழுத்தை வேண்டாம் என்கிறான். இந்த அரசன் எழுத்தைக் கேட்டு வாங்குகிறான்; ஒருவனுடைய துயரம் நல்ல பேச்சாக வருவதால் அந்தத் துயரத்தை நீட்டிக்கவும் செய்கிறான். சாடிகளில் பெயர் கட்டிய அதே கை, அதே நாணல் எழுதுகோல், அதே பாப்பிரஸ். ஆனால் அதில் முதன்முறையாகப் பிடுங்கப்பட்டவனின் குரல் முழு வாக்கியங்களாக ஏறியிருக்கிறது. அரசனின் உத்தரவின்றி அது ஏறியிருக்காது. ஏறிய பிறகு அரசனால் அதை அரசனுக்கான விஷயமாக மட்டும் வைத்திருக்கவும் முடியவில்லை; நான்கு பிரதிகளில் அது நம் கையில் இருக்கிறது.

எகிப்தியச் சித்திர எழுத்தைக் கடைசியாகக் கல்லில் பொறித்தது கி.பி. 394இல், ஃபீலே கோயிலில். பிறகு அதைப் படிக்க ஆளில்லாமல் போயிற்று. 1822இல் ஷம்போலியன் மறுபடி படித்தபோது அவருக்குக் கதவைத் திறந்தவை வளையத்துக்குள் இருந்த அரசர்களின் பெயர்கள்: டாலமி, கிளியோபாட்ரா, ராம்சேஸ். எழுத்து நுழைந்த வாசல் வழியாகவே வாசிப்பும் நுழைந்தது. வேறு வாசல் இருக்கவில்லை. ஆனால் உள்ளே போனவர்கள் அரசர்களோடு நின்றுவிடவில்லை. ஒரு குடியானவனின் ஒன்பது முறையீடுகளும் அங்கே இருந்தன.